ஃப்ரிட்ஜ் மேல் ஏறிய போன்

துபாயிலிருக்கும் மகளோடு தினமும் வீடியோ கால் பேசுவேன். மேசையில் மக்ரூன் டப்பாமேல் போனைச் சாய்த்துவைத்துக் குனிந்து பேசும்போது, தாடையும் கழுத்தும் தொங்குவதைப் பார்த்து ஆடிப்போனேன். தோலை இழுத்துத் தைக்கும் ஃபேஸ்லிஃப்ட் செய்துவிடுவதென்று முடிவெடுத்தேன். கழுத்துவரை முழுசாகச் செய்ய எனக்கு ஆசை.

"ஏளா, தாடைக்கு மட்டும் மினி ஃபேஸ்லிஃப்ட் போதும்" என்றார் கணவர்.

சண்டையோடே மருத்துவரிடம் போனோம். "தொங்குதுன்னு எதுல பாத்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன். என் போனை வாங்கி என் கண்ணுக்கு நேராகப் பிடித்தார். பாதித் தொங்கலைக் காணோம்!

"குனிஞ்சு பாத்தா எல்லாருக்கும் தொங்கும்மா. இப்போ ரெண்டுமே வேண்டாம்."

அன்றே போனை ஃப்ரிட்ஜ் மேல் ஏற்றினேன். பக்கத்தில் நின்ற இவரையும் மேலிருந்து பார்த்த மகள் சிரித்தாள்: "அம்மா, நீ அழகாத்தான் இருக்க. அப்பா மண்டதான் மினுங்குது!"

மறுநாளே இவர் முடி நடும் மருத்துவரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டார். இப்போது போனை இறக்கி, இருவர் கண்ணுக்கும் நேராக வைத்திருக்கிறேன்.