லூசியஸ் ஒப்புக்கொண்ட குற்றம்

லூசியஸ் பாட்டீஸ்ட் எங்கள் லூசியானா ஊரில் பத்தொன்பது வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். நான் போகும் மாதா கோயிலுக்குத்தான் அவரும் வருவார். அவர் கைதானபோது அவருக்காக அரசாங்கச் செலவில் வாதாட வந்தவர் வக்கீல் ஓரின் தெரியோ. நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அந்த வக்கீலின் அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கிறேன். அதனால் எல்லாம் என் காதுக்கு வந்தது.

காரில் ஒரு வெள்ளைப் பொட்டலம் இருந்தது. வயிற்று எரிச்சலுக்கு வைத்திருக்கும் சோடா உப்பு என்றார் லூசியஸ். போலீஸ்காரர் சாலையோரத்திலேயே அதில் கொஞ்சத்தை ஒரு சோதனைக் குப்பியில் போட்டு ஆட்டினார். நீலமாக மாறியது. கொக்கெய்ன் என்று உள்ளே தள்ளிவிட்டார்கள்.

மாநில ஆய்வகத்தின் முடிவு வர ஐந்து மாதம் ஆகும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் அன்றே வீடு, மறுத்தால் அதுவரை சிறை என்றார் அரசு வக்கீல். இங்கே பலரும் ஒப்புக்கொண்டு போய்விடுவார்கள். தெரியோ மட்டும் பொறுத்திருக்கச் சொன்னார். சனிக்கிழமைதோறும் சிறைக்குப் போய், போலீஸ் எழுதியதை வாசித்துக்காட்டி, நடந்ததை முதலிலிருந்து கேட்பது அவர் வழக்கம்.

முதல் வாரம் சோடா உப்பு என்றார் லூசியஸ். மூன்றாம் வாரம் சரியாக ஞாபகமில்லை என்றார். ஆறாம் வாரம் கண்ணை மூடிக்கொண்டு, விற்றவனின் அடையாளத்தையே சொன்னார்: பெட்ரோல் பங்க், பச்சைத் தொப்பி, இடது கையில் ஒரு விரல் இல்லை. வக்கீல் வாசிப்பதை நிறுத்திவிட்டாராம். அவர் தடுத்தும் கேளாமல், லூசியஸ் நீதிபதி முன் கடவுள் பெயரால் சத்தியம் செய்து அதையே சொல்லிவிட்டார். விடுதலை கிடைத்தது, பேருந்து வேலை போயிற்று.

பிறகுதான் ஆய்வக முடிவு வந்தது. போதைப்பொருள் இல்லை, வெறும் சோடா உப்பு.

கோயில்காரி சொன்னால் கேட்பார் என்று வக்கீல் என்னையும் அவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். மனுவில் கையெழுத்துப் போட்டால் குற்றத் தீர்ப்பு ரத்தாகும், வேலையும் திரும்பக் கிடைக்கும் என்று விளக்கினார்.

"அந்தக் காகிதத்துக்கு என்ன தெரியும் சார்? வாங்குனவன் நான்தானே?" என்றார் லூசியஸ்.

"யோவ், சோடா உப்ப வித்துட்டுப் போக ஒருத்தன் தொப்பி போட்டுக்கிட்டு வந்தானாக்கும்?" என்றார் வக்கீல்.

லூசியஸும் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி உள்ளங்கையை விரித்தார்.

"பொட்டலத்தக் குடுக்கும்போது விரல் இல்லாத எடம் இங்க பட்டுச்சுக்கா. வழவழன்னு இருந்துச்சு. இன்னும் போகல."

அந்தக் கையில் தோல் உரியும் அளவுக்குத் தேய்த்த சிவப்பு. கடவுளுக்கு உண்மை தெரியும், கையெழுத்துப் போடுங்கள் என்று கெஞ்சினேன். பேனாவை எடுத்தார். காகிதத்தில் வைக்கவில்லை.

"இந்தக் கையால நான் வண்டி ஓட்டுனா, உங்க பேரன அதுல ஏத்திவிடுவீங்களா?"

ஏற்றிவிடுவேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல் வரத் தாமதமாயிற்று. அவர் அதைக் கவனித்துவிட்டார். பேனாவை மூடி வக்கீலிடம் கொடுத்துவிட்டு, வாசல்வரை வந்து எங்களை மரியாதையாக வழியனுப்பினார்.