அங்கிட்டு இருந்த பாதி

என் மக சோறு திங்கிறதே அவ அத்தா முகத்தைப் பார்த்துத்தான். என்னைக் கட்டுன மச்சான் சவுதிக்குப் போறதுக்கு முன்னாடி, "வாயத் தொறங்க கண்ணு, இன்னொரு வாய்"னு அவளுக்கு ஊட்டுற மாதிரியே பேசி, லேப்டாப்புல நெறைய வீடியோ பிடிச்சு வச்சுட்டுப் போனாரு. இங்க அவ சாப்பிடுற நேரம் அங்க அவருக்கு டூட்டி. அதனால மூணு வேளையும் டி டிரைவ்ல இருக்குற அத்தாதான்.

நான் போன கம்ப்யூட்டர் கிளாஸ்ல லினக்ஸ் வேணும்னாங்க. விண்டோஸும் இருக்கணும், அதுவும் இருக்கணும். சென்னையில வேலை பாக்குற என் தம்பி, "பயப்படாத லாத்தா, டி டிரைவைச் சுருக்கி இடம் எடுத்துக்கலாம்"னு போன்லயே சொல்லிக் கொடுத்தான். சரிபாதியாப் பிரிச்சேன். அதுல எனக்குப் பெருமை வேற. வீடியோவை வேற எங்கயாச்சும் காப்பி எடுத்தியான்னு அவனும் கேக்கல, எனக்கும் தோணல.

லினக்ஸ் போடுற திரையில டி டிரைவுன்னும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒரே அளவுல ரெண்டு கட்டம் பக்கத்துப் பக்கத்துல இருந்துச்சு. எதுல போடன்னு தம்பிகிட்ட கேட்டேன். "இங்கிட்டு இருக்கறத விட்டுரு, அங்கிட்டு இருக்கறத ஃபார்மட் பண்ணு"ன்னான். எனக்கு அங்கிட்டுன்னா வாசப்பக்கம். நான் உக்காந்திருந்த எடத்துல வாசல் இடது கைப் பக்கம். அதையே அழுத்தினேன். அவன் சொன்னது வலது பக்கத்தை. வீடியோ இருந்த பாதியே அழிஞ்சு போச்சு.

அறந்தாங்கியில ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர் ரெண்டு நாள் வச்சுப் பார்த்தாரு. ஃபைல் பேரு மட்டும் வந்துச்சு, ஒண்ணுகூடத் தொறக்கல. "பழசு மேலயே புதுசு எழுதிருச்சுங்க, ஒண்ணும் செய்ய முடியாது"ன்னாரு. தம்பியைப் பிடிச்சு ஏசினேன். அவன் அழுதுட்டான். அதையும் என்னால தாங்க முடியல. பாழாப்போன புத்தி என்னுதுதானே.

புள்ள பாட்டுக்குத் தட்டைத் தூக்கிட்டு லேப்டாப் முன்னாடி போய் உக்காந்து, "அத்தாவப் போடு"ங்கிறா. எதைப் போட?

மச்சான்கிட்ட அழுதுக்கிட்டே சொன்னேன். அவரு கோவிக்கல, ரெண்டு வார்த்தை ஏசியிருந்தாக்கூடத் தேவலாம். டூட்டி முடிஞ்ச கையோட புதுசா ஒண்ணு பிடிச்சு அனுப்பினாரு. அதே "வாயத் தொறங்க கண்ணு". பின்னால இரும்புக் கட்டில், கழுத்துல கம்பெனி அட்டை. ஆளு பாதியா எளச்சுப் போயிருந்தாரு.

மக உத்துப் பார்த்தா. அப்புறம் வாயை இறுக்கி மூடிக்கிட்டா.

"இது அத்தா இல்ல. அத்தாவப் போடு."

அன்னிக்கு மச்சான்கிட்ட இருந்து மெசேஜ் வந்துச்சு, "சாப்பிட்டாளா?"ன்னு. பிசைஞ்ச சோறு வலது கையில அப்படியே இருந்துச்சு. இடது கையால டைப் பண்ணினேன்: "சாப்பிட்டா மச்சான்."