புஷ்பமேரி இல்லாத பந்தி

நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால் முதலில் என்னிடம் வருவார்கள், அடுத்து புஷ்பமேரியிடம் போவார்கள். நான் பத்திரிகை அடித்துக் கொடுப்பவன். புஷ்பமேரி பந்தி பரிமாற ஆள் அனுப்புபவர். சமையல் வேறு யாராவது செய்வார்கள். இலை போடுவதில் தொடங்கி, இலையை எடுத்து மேஜையைத் துடைப்பது வரை அவருடைய ஆட்கள் பொறுப்பு. நான் அடிக்கும் பத்திரிகையை யாரும் இரண்டாம் முறை எடுத்துப் பார்ப்பதில்லை. அவர் போடும் சாப்பாட்டைப் பற்றி அடுத்த கல்யாணம் வரைக்கும் பேசுகிறார்கள். இதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, மறைப்பானேன்.

தக்காளியும் ராகியும் போடுகிற குடும்பம் அவருடையது. கோயில் திருவிழாச் சாப்பாட்டில் சும்மா உதவிக்கு வாளி தூக்கப் போனார். ஒரு சொட்டு சிந்தாமல், ஒரு இலையை விடாமல் அவர் பரிமாறிய அழகைப் பார்த்துவிட்டு ஒரு சமையல்காரர் தன் வேலைகளுக்கு அழைத்துக்கொண்டார். பிறகு நான்கு பெண்களைச் சேர்த்துத் தனியாகத் தொழில் தொடங்கினார். தவக்காலத்தில் கிறிஸ்தவக் கல்யாணம் இல்லை, ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் கல்யாணம் இல்லை. இரண்டு பக்கமும் வேலை செய்ததால் அவருக்கு வருஷத்தில் முக்கால்வாசி நாள் பந்திதான்.

ஆனால் ஒரு சிக்கல். நல்ல முகூர்த்த நாளில் நான்கு வீடுகள் கூப்பிடும், புஷ்பமேரி ஒருவர்தான். அவர் போகாமல் ஆட்களை மட்டும் அனுப்பியபோதெல்லாம் வம்பு வந்தது. ஒரு கல்யாணத்தில் சோறு வருவதற்கு முன்னால் மோர் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் சித்தப்பா வெறும் இலையில் மோரை வாங்கி, வழித்து நக்கிவிட்டு, சாப்பாடு முடிந்துவிட்டதென்று நினைத்து எழுந்து போனாராம். அதிலிருந்து ஒரு நாளுக்கு ஒரு கல்யாணம்தான் என்று புஷ்பமேரி முடிவு செய்துவிட்டார்.

அந்த முடிவை உடைத்தவள் பிளசி. அவருடைய நாத்தனார் மகள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணமாகி அரூரில் குடியேறியவள்.

"அத்தை, எங்க கம்பெனில ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு தொங்கும். புதுசா வந்தவங்ககூட அதப் பாத்துச் செஞ்சுருவாங்க. உங்க தலைக்குள்ள இருக்கறத வெளிய எடுத்துப் போடுங்க. ரெண்டு டீமு ஓட்டலாம், மூணு டீமும் ஓட்டலாம்" என்றாள்.

வெளியே எடுத்துப் போட்ட இடம் என் அச்சகம். புஷ்பமேரி சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். இலையின் நுனி சாப்பிடுபவரின் இடது கைப்பக்கம். முதலில் உப்பு, பிறகு இனிப்பு. சாம்பார் வாளி போன வழியிலேயே ரச வாளியும் போகும், எதிரே வராது. விருந்தாளி போதும் என்றால் நிறுத்த வேண்டும், சோற்றை வீணாக்கக் கூடாது. எல்லாவற்றையும் வழவழ அட்டையில் போட்டு, பிளாஸ்டிக் ஒட்டி, கழுத்தில் மாட்ட நாடாவும் வைத்துக் கொடுத்தேன்.

பிறகு பயிற்சி. அவர் வீட்டு வாசலில் மேஜை போட்டு இலை விரித்து, வாளிகளில் தண்ணீர் ஊற்றிப் பரிமாறிப் பழகினார்கள். விருந்தாளி வேஷத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். சாம்பார் என்று தண்ணீர் வரும், ரசம் என்று தண்ணீர் வரும், பாயசமும் அதேதான். புஷ்பமேரியின் கணவர் அருள்சாமி லோடு ஆட்டோவில் சாய்ந்துகொண்டு, "அண்ணாவுக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் ஊத்துங்கம்மா, எளைச்சுப் போயிட்டாரு" என்று சிரிப்பார்.

இந்த நேரத்தில்தான் அரூர் மாதேஸ்வரன் வந்தார். மஞ்சள், புளி மொத்த வியாபாரி. அரூரில் புதிதாக மண்டபம் கட்டியிருந்தார். முதல் கல்யாணம் அவருடைய மகளுக்கே. "இந்தப் பந்தி நல்லா நடந்துச்சுன்னா, மண்டபத்துல நடக்கற எல்லாக் கல்யாணத்துக்கும் உங்க ஆளுங்கதான்" என்றார். அந்த வேலை கிடைத்தால் அரூரில் இரண்டாவது டீம் நிலையாக நின்றுவிடும். தவறினால் பயிற்சி எடுத்தவர்கள் மறுபடி களை பறிக்கத்தான் போக வேண்டும். ஆனால் அதே முகூர்த்தத்துக்கு நல்லம்பள்ளியில் ஒரு வீட்டுக்கு புஷ்பமேரி ஏற்கெனவே வெற்றிலை பாக்கு வாங்கியிருந்தார். கொடுத்த வார்த்தையை மாற்றுகிற ஆள் இல்லை அவர். பிளசியை அரூருக்கு அனுப்பிவிட்டு, உள்ளுக்குள் அந்தோணியாரை வேண்டிக்கொண்டார்.

மாதேஸ்வரனுக்குப் பத்திரிகை அடித்தவன் என்ற உரிமையில் நானும் அரூர் போனேன். இத்தனை நாள் குடித்த தண்ணீருக்குப் பதிலாக அன்று நிஜச் சாம்பார் கிடைக்கும் என்று காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போயிருந்தேன்.

முதல் பந்தி. இலைகள் நூல் பிடித்ததுபோல் விழுந்தன. உப்பு, இனிப்பு, பொரியல், சோறு, எல்லாம் அட்டையில் இருந்தபடி. எதிர் வரிசையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் கருப்பண்ணன் உட்கார்ந்திருந்தார். நல்ல ஆகிருதி. சாம்பார் வந்ததும் இலைக்கு மேலே கையை நீட்டி, "போதும், போதும்" என்றார்.

"சரிங்க" என்றாள் அந்தப் பெண். வாளி நகர்ந்துவிட்டது.

கருப்பண்ணன் போகிற வாளியையே பார்த்தார். அப்புறம் சோறு வந்தது, போதும் என்றார், அதுவும் போய்விட்டது. என் பக்கம் வடை வந்தபோது நானும் வழக்கப்படி "ஐயையோ வேணாம்மா" என்றேன். வடை என் கண் முன்னால் அடுத்த இலைக்குப் போனது. என் வாழ்க்கையில் இப்படி ஒரு வடை என்னை விட்டுப் போனதில்லை.

எங்கள் பக்கத்தில் கேட்டவுடன் வாங்கிக்கொள்பவன் பறக்காவெட்டி. விருந்தாளி வேண்டாம் என்று சொல்ல வேண்டும், பரிமாறுகிறவர் வற்புறுத்த வேண்டும். இன்னொரு முறை மறுக்க வேண்டும், இன்னொரு முறை வற்புறுத்த வேண்டும். கடைசியில், உங்களுக்காகத்தான் சாப்பிடுகிறேன் என்கிற முகத்தோடு வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த மரியாதை நடக்காததால், கல்யாணச் சாப்பாட்டை டீக்கடை பன் மாதிரி சட்டென்று முடித்துவிட்டுப் பந்தி எழுந்தது. பாதிப் பேருக்கு அரை வயிறு. சமையல்காரர் மட்டும் மிச்சத்தைப் பார்த்து மகிழ்ச்சியாக இருந்தார்.

கருப்பண்ணன் கை கழுவிவிட்டு நேராக மாதேஸ்வரனிடம் போனார். "பொண்ணு குடுக்கறவங்க மனசு பெருசுன்னு நெனச்சோம். சோத்த அளந்து போடறீங்களே."

மாதேஸ்வரனின் முகம் சுண்டிப் போயிற்று. பிளசியிடம் வந்து, "அடுத்த பந்தியும் இப்படியே போச்சுன்னா வாளிய வெச்சுட்டுக் கெளம்பிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிளசி என்னையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு புஷ்பமேரிக்கு போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினாள். அங்கேயும் பந்தி இரைச்சல்.

"அத்தை, எல்லாம் கார்டுல இருக்கறபடிதான் செஞ்சோம். போதும்னாங்க, நிறுத்திட்டோம்."

"அடிப் பாவி! போதும்னு சொன்னா நிறுத்திருவீங்களா?"

"நீங்கதான அத்தை எழுதச் சொன்னீங்க!"

"நான் சொன்னேன், சரி. ஆனா நான் நிறுத்த மாட்டேனே! அப்போ நான் என்னதான் செய்யறேன்? இரு, ஒருத்தருக்கு ஊத்திப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

நாங்கள் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே அடுத்த பந்திக்கு ஆட்கள் உட்காரத் தொடங்கிவிட்டார்கள். ஒரு வழியாகக் குரல் வந்தது.

"பிளசி, கேட்டுக்க. மொத போதும் என் காதுல விழவே இல்ல. ரெண்டாந்தடவ போதும்னப்போ கையப் பாத்தேன். வெரலு விரிஞ்சிருந்துச்சு, நடுவுல ஊத்திட்டேன். அப்புறம் கை அப்படியே எலமேல படுத்துருச்சு. அங்கதான் நிறுத்துனேன். இது எனக்கே இப்பத்தான் தெரியுது."

பிளசி ஆட்களைச் சேர்த்து நிறுத்தினாள். வழக்கம்போல விருந்தாளி வேஷம் எனக்கு. விரலை விரித்துப் போதும் என்றேன், படுக்க வைத்துப் போதும் என்றேன். இரண்டு முறை செய்து காட்டியதும் ஓடினார்கள்.

இரண்டாவது பந்தியில் மண்டபமே கலகலத்தது. "ஐயோ போதும்மா!", "இன்னும் ஒரே கரண்டிங்க!", "கொல்லப் பாக்கறீங்களா?" என்று எங்கும் ஆனந்தக் கூச்சல். நடுவில் பிளசி கருப்பண்ணனிடம் போனாள்.

"மாமா, நீங்க சரியாவே சாப்புடல. மறுபடி வந்து உக்காருங்க."

"வேணாம்மா, வயிறு நெறஞ்சுபோச்சு." வாய் இதைச் சொல்லும்போதே அவர் கை நாற்காலியை இழுத்துக்கொண்டிருந்தது. இந்தத் தடவை வடையை நானும் விடவில்லை.

மண்டப வேலை புஷ்பமேரிக்குக் கிடைத்தது. கை பார்க்கிற விதியைச் சேர்த்து அட்டையை மறுபடி அடித்தேன். பிளசி அரூரிலேயே ஆள் சேர்த்தாள். சித்தேரி மலையிலிருந்தும் சிலர் வந்தார்கள். அரூர் டீம் இரண்டானது. இந்தப் பக்கத்து வேலையே சரியாக இருந்ததால் புஷ்பமேரி அங்கே எட்டிக்கூடப் பார்க்க முடியவில்லை.

ஆவணியில் ஒரு முகூர்த்தத்துக்கு, ஒரு தடவையாவது பார்க்கலாம் என்று என்னோடு பஸ் ஏறினார். மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு ரச வாளி ஆளில்லாமல் நின்றது. புஷ்பமேரியின் கை தானாக அதை எடுத்தது.

"அக்கா, வைங்க வைங்க." ஓடி வந்தவள் சித்தேரிக்காரி சுசித்ரா, சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. "ஏப்ரான் போடாதவங்க வாளியத் தொடக் கூடாதுங்க."

"இது யாரு சொன்னது?"

"எங்க பிளசி அக்கா. நீங்க பந்தில உக்காருங்க."

இவர் யார் தெரியுமா என்று கேட்க வாயெடுத்தேன். புஷ்பமேரி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து, தானும் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவர் பந்தி முடிந்த பிறகு ஆறிய சோற்றைத்தான் சாப்பிட்டிருக்கிறார். அன்று ஆவி பறக்கச் சாப்பிட்டார். ஒவ்வொன்றும் சரியான வரிசையில், சரியான நேரத்தில் வந்து விழுந்தது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் தவித்தார்.

"நான் இல்லாமயே நல்லாப் போடறாங்க, இல்லீங்களாண்ணா?" என்றார். பெருமையாகத்தான் சொன்னார், ஆனால் கண் கலங்கியிருந்தது.

சுசித்ரா மறுபடி சோற்றோடு வந்து, தயங்கி உட்கார்ந்திருந்த அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"கூச்சப்படாம சாப்புடுங்கக்கா. உங்க வூட்டுப் பந்தின்னு நெனச்சுக்கங்க."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டு, புஷ்பமேரி இலையை முன்னால் நகர்த்திக்கொண்டார்.