பெரியப்பா செதுக்கிய புல்

பெரியப்பா மண்வெட்டியோடு கொல்லையில் இறங்கிய காலை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அவர் என் அப்பாவின் அண்ணன். திருநாவலூருக்குப் பக்கத்தில் அவருக்கென்று இருந்த ஒரே நிலம் அந்த உவர்க்கொல்லை. எதை விதைத்தாலும் நுனி கருகிப்போகும் அந்த மண்ணில் ஒரு காட்டுப்புல் மட்டும் தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது. வேர் உறிஞ்சிய உப்பை அது இலை வழியாக வெளியே தள்ளிவிடும். விடியற்காலையில் தடவினால் விரலில் பொடிப்பொடியாக ஒட்டும். அந்தப் புல் போர்த்திக் கிடந்ததால்தான் வெயில் மண்ணின் ஈரத்தைக் குடிக்கவில்லை, அடியில் இருந்த உப்பும் மேலே ஏறவில்லை. மாடுகளும் அதைத்தான் மேய்ந்தன.

எங்கள் பக்கம் பெண் பார்க்க வருகிறவர்கள் நிலத்தையும் பார்த்துவிட்டுத்தான் கை நனைப்பார்கள். புல் மண்டிய கொல்லை என்றால் சோம்பேறி வீடு என்று பெயர். தன் மகளை, என் அக்காவை, பார்க்கக் கள்ளக்குறிச்சியிலிருந்து வருகிறார்கள் என்றதும் பெரியப்பா புல்லை வேரோடு செதுக்கித் தள்ளினார். “மாட்டுக்கு இன்னா போடுவீங்க?” என்று பெரியம்மா கேட்டாள். “பொண்ணு பொழப்பு பெருசா, மாடு பெருசா? வாய மூடிக்கினு போ” என்றார்.

நடுவில் ஒரு கோடை மழை. பிறகு நல்ல வெயில். அவர்கள் வந்து இறங்கிய அன்று கொல்லை முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துக் கிடந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார். “இன்னாங்க இது, உப்பளமா?” தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்கள்.

பெரியப்பா தன் மண்வெட்டியை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “இவ ராசி, மண்ணே வெளுத்துப் போச்சு” என்று அக்காவைச் சொன்னார். பெற்ற அப்பனே சொன்ன பிறகு ஊர் சும்மா இருக்குமா? அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாரும் ராசியைத்தான் விசாரித்தார்கள். அவர் செத்து வருஷங்கள் ஆகியும் எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. வரப்போரம் மிச்சமிருந்த கணுக்களிலிருந்து புல் தவழ்ந்து தவழ்ந்து கொல்லையை மூடியது. அக்கா கல்யாணம் ஆகாமலே அதை அறுத்து மாடு வளர்த்தாள்.

போன கோடையில் அவள் கூடப்பிறந்த தம்பியின் மகளைப் பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. தம்பி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அக்கா அவனுக்கு முன்னால் ஓடி, நரைத்த தலையோடு புல்லின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். “மொதல்ல என்ன செதுக்குடா. அப்புறம் இத்த செதுக்கலாம்.”

அவன் திரும்பிவிட்டான். வந்தவர்கள் பச்சையைப் பார்த்தார்கள், பெண்ணைப் பார்த்தார்கள், வயிறாரச் சாப்பிட்டார்கள். அக்காதான் பரிமாறினாள். பெரியப்பா செதுக்கிய அன்றைக்கு அவளுக்காக அந்தப் புல்லில் போய் உட்கார எங்கள் வீட்டில் ஒருத்தர்கூட இல்லை.