பாதி பாட்டில் சென்ட்

அம்மாவுக்கு வேலை போனது என்னால்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது எனக்கு ஒன்பது வயது. டெல்லியில் மயூர் விஹார் பக்கம் ஒரு ஜுக்கிக் குடிசையில் இருந்தோம். அப்பா கட்டட வேலைக்குப் போனால் வாரம் ஒருமுறைதான் வருவார். அம்மா அடுக்குமாடி வீடு ஒன்றில் சமையல் செய்தாள். எங்களுக்குச் சோறு அந்த ஒரு வீட்டிலிருந்துதான். அந்த வீட்டு மகள் வெளிநாட்டுக்குத் திரும்பும்போது, பாதி தீர்ந்த சென்ட் பாட்டில் ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அதன் விலை அம்மாவின் இரண்டு மாதச் சம்பளம் என்று சித்தி சொன்னாள். சித்திக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

அது பூ வாசனை இல்லை. குளிர்காலத்தில் தள்ளுவண்டியில் விற்கும் கின்னு ஆரஞ்சின் தோலை நகத்தால் கிள்ளினால் ஒரு சாரல் தெறிக்குமே, அந்த வாசனை. முகர்ந்ததும் எச்சில் ஊறும்.

அம்மா தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, ரவிக்கைக்குள் ஒரே ஒரு முறை அடித்துக்கொள்வாள். பிறகு பாட்டிலைத் தகரப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிடுவாள். பக்கத்துக் குடிசையில் இருந்த சித்தி சும்மா விடமாட்டாள்.

“இவ்ளோ மணக்குறியே அக்கா, சப்பாத்தி போடப் போறியா, இல்ல உன்னப் பொண்ணு பாக்க வராங்களா?”

“ரெண்டுந்தான்டி” என்பாள் அம்மா.

எனக்கு அந்த சென்ட் மேல் கோபம். முன்பெல்லாம் என்னைக் கட்டிக்கொண்டு படுப்பவள், இப்போது சித்தி வீட்டில் போய்ப் படுத்துக்கொள் என்றாள். நான் மடியில் சாய்ந்தால் தள்ளி உட்கார்ந்தாள். பெரிய வீட்டு வாசனையோடு பெரிய வீட்டுக் குணமும் வந்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். எனக்கும் கொஞ்சம் அடித்துவிடச் சொல்லி ஒருநாள் கேட்டேன்.

“வேணாம்மா. இது அம்மாவோட வேலைக்கு.”

பள்ளியில் நான் வாய் திறக்காத பெண். என் பெஞ்சில் யாரும் விரும்பி உட்கார்ந்ததில்லை. ஒருநாள் அம்மா கிளம்பியதும் பாட்டிலைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். இடைவேளையில் வகுப்பே என்னைச் சுற்றி நின்று கையை நீட்டியது.

“ஏய், எனக்கும். ஜல்தி, பெல் அடிச்சிடும்.”

அத்தனை பேர் என்னிடம் பேசியது அதுதான் முதல் முறை. ஒருத்திக்கும் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அடியில் சில சொட்டுகள்தான் இருந்தன. பாட்டிலின் தலையைத் திருகிக் கழற்றி, பழைய அளவுக்குத் தண்ணீர் ஊற்றினேன். அது அரிசி களைந்த தண்ணீர்போல வெளுத்துப்போனது.

மறுநாள் காலை அம்மா அதை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி ஐந்தாறு முறை அழுத்தினாள். முகர்ந்து பார்த்தாள். அப்புறம் போனாள்.

நான் பள்ளியிலிருந்து வந்தபோது படுத்திருந்தாள். இனி வரவேண்டாம் என்று அந்த வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

“அடுப்பாண்ட நிக்கவே வுடல. மூக்கப் பொத்திக்கினாங்க” என்று சித்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவ்வளவு விலையுள்ள சென்ட்டை வீணாக்கியதால் வந்த கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அம்மா வேலைக்குப் போகவில்லை. பாயைவிட்டு எழுந்திருப்பதும் குறைந்தது. வீட்டில் ஒரு வாடை வந்தது. வெளியே ஓடிய சாக்கடை என்று நினைத்தேன். செய்த தப்புக்கு ஈடாக, ஜூஸ் வண்டிக்காரர் ஒதுக்கிப் போடும் கின்னுத் தோல்களைப் பொறுக்கிவந்து, அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பிழிவேன். ஒன்று காய்ந்ததும் அம்மா கேட்பாள்.

“இன்னொண்ணு புழி.”

மன்னித்துவிட்டாள் என்று எனக்குச் சந்தோஷம்.

கின்னு வரத்து நிற்பதற்குள் அம்மா போய்விட்டாள். மார்பில் கட்டி உடைந்து புண்ணாகி வாடை வீசியதைப் பல வருடம் கழித்துத்தான் சித்தி சொன்னாள். தோலைப் பிழிந்துகொண்டிருந்தவரை நான் மூக்கைச் சுளிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதற்காகத்தான் அவள் இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டாள் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.