குப்பியை விட்டு எடுத்த மாத்திரை

அன்று மாலை கல்மண்டபம் டீக்கடையில் நைனா இருந்தார், கடைக்காரர் காசிம் பாய் இருந்தார், நான் இருந்தேன். அம்மா மீன் விற்கப் போயிருந்தாள்.

நைனாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. நெஞ்சு வலித்தால் நாக்கின் அடியில் வைக்கச் சொல்லி டாக்டர் சிறு மாத்திரைகள் கொடுத்திருந்தார். வலி எங்கே வருமோ என்ற பயத்தில், எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவனான நான், அவற்றைக் காகிதத்தில் மடித்து நைனாவிடமும் அம்மாவிடமும் பாயிடமும் பிரித்துக் கொடுத்தேன். காலிக் குப்பியில் அம்மா குங்குமம் போட்டுக்கொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து அன்று டீக்கடையில் வலி வந்தது. நைனாவின் பொட்டலம் வேலைச் சட்டையில் இருந்தது; பாய் கல்லாவிலிருந்து தன் பொட்டலத்தை எடுத்தார். ஒன்று வைத்தேன், பிறகு இன்னொன்று.

"இன்னாடா, நாக்குல சுருக்குன்னே இல்ல. சுண்ணாம்பு கணக்கா கீது," என்றார் நைனா. வியர்வை கொட்டியது.

"ரிக்ஷா புடி தம்பி, பாத்துகினு நிக்காதே!" என்று கத்தினார் பாய்.

டாக்டர் வீட்டுக் கம்பவுண்டர் நைனாவை உட்கார வைத்து, புதுக் குப்பியைத் திறந்து ஒன்று கொடுத்தார். சற்று நேரத்தில் நைனாவின் முகம் தெளிந்தது.

"தல வலிக்குதுபா," என்றார்.

"வலிக்கட்டும், மருந்து வேலை செய்யுது," என்ற கம்பவுண்டர் என்னிடம் திரும்பினார். "காயிதத்துல வெச்சா வீரியம் காத்தோட பூடும். படிச்ச புள்ள, ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

இப்போது கண்ணாடிக் குப்பியே, மூடி இறுக்கி, நைனாவோடு போகிறது. திறந்து நாள்பட்டாலும் வீரியம் குறையும் என்பதால், திறந்த தேதியை அதன்மேல் எழுதி ஒட்டுகிறேன். புதுக் குப்பிக்கும் ரிக்ஷாவுக்குமாக, என் தவறு எங்களிடம் வாங்கிக்கொண்டது மூன்று ரூபாய் இரண்டணா மட்டுமே.