பேருந்தில் ஒரு சமத்துக் குழந்தை

இன்று காலை கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வந்த பேருந்தில், என் பக்கத்தில் நான்கு மாதக் குழந்தையுடன் ஒரு பெண்.

அத்தனை ஹாரன் சத்தத்திலும் குழந்தை அசையவில்லை.

"எவ்ளோ சமத்து!" என்றார் முன்சீட்டு அம்மா.

"முன்ன இப்படி இல்லீங்க. பொறந்ததும் தைராய்டு கம்மினு தினம் மாத்திரை குடுக்கச் சொன்னாங்க. குடுத்ததுல இருந்து ஒரே அழுகை. மாத்திரைதான் அழ வைக்குதுனு வீட்ல சொன்னாங்க. நிறுத்திட்டோம். ஒரு மாசமா சத்தமே இல்ல."

"அழுததுதாம்மா நல்லது," என்றேன் நான். "மாத்திரை வேலை செஞ்சதாலதான் அழுதுது. இப்படி அசையாம தூங்கறதுதான் நோய். இந்த வயசுலதான் மூளை நரம்பு மேல உறை வளரும். அதுக்கு அந்த மாத்திரையில இருக்கற தைராய்டு ஹார்மோன் வேணும். அப்புறம் குடுத்தா போனது திரும்பாது. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"நீங்க டாக்டருங்களா?"

"இல்லம்மா. ஆய்வுக்கூடத்துல எலியோட மூளை செல்லைச் சின்னக் கண்ணாடித் தட்டுல வளர்த்தவன். ஹார்மோன் ஊத்தாத தட்டுல உறை சரியா வளராது. கண்ணால பாத்திருக்கேன்."

"எலிக்கா!" என்றார் முன்சீட்டு அம்மா. பேருந்தே சிரித்தது. குழந்தையின் தாயும் சிரித்தாள். குழந்தை தூங்கியது.

இறங்கும்போது, வீட்டில் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னாள்.

ஹார்மோன் ஊற்ற வேண்டிய தட்டுகளுக்கு ஊற்ற நான் ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அந்தச் செல்களுக்கு வீட்டில் கேட்க ஆளில்லை.